கடிவாளம் பேசாத நாட்கள்

மேஜை மேல் கிடந்த செல்போன், மல்லாக்க விழுந்த பொன்வண்டு மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரன் அதைத் தொடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துப் பேசுங்களேன், பாவம், அழுவுது" என்றான் தென்னரசு.

"அது போன் கால் இல்லண்ணா. திட்டு. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு தபா அதிரும்."

தென்னரசு அடுத்த ஜோக்கைக் கைவிட்டான்.

2016 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. விழுப்புரம் ரயிலடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான் பிரபாவதியின் துப்பறியும் நிலையம். இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் குரல்களைக் கேட்டுவிட்டு, விருப்ப ஓய்வில் வெளியே வந்து இந்தத் தொழிலை ஆரம்பித்தவள். ஆள் பேசுவதைவிட ஆள் பேசாமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவள் கட்சி. தென்னரசு அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், டீ வாங்குபவன். சாதாரண நாளில் அவளை 'மேடம்' என்பான். பயந்தால் 'அக்கா' என்பான்.

வந்திருந்தவன் பெயர் பிரேம்குமார். வயது இருபத்தாறு. உயரம் தென்னரசுவின் தோள் மட்டும்தான், எடை ஐம்பத்திரண்டு கிலோ. சொந்த ஊர் திண்டிவனம். கிண்டிப் பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கி.

"ஞாயித்துக்கிழமை கப் ரேஸுங்க. என் வாழ்க்கையிலயே மொத தபா ஒரு பெரிய குதிரை என்னை நம்பிக் குடுத்துருக்காங்க. இன்னிக்கு சாயந்திரம் நாலு மணிக்கு டிரெய்னர் போன் பண்ணுவாரு. ஏறறேன், இல்ல ஏறலன்னு நான் சொல்லணும். ஏறலன்னா குதிரை வேற ஆளுக்குப் போயிடும். அதுக்கப்புறம் என்னை எவனும் கூப்பிட மாட்டான்."

"ஏறறதுக்கு என்ன தடை?" என்றாள் பிரபாவதி.

பிரேம்குமார் செல்போனை அவள் பக்கம் நகர்த்தினான். ஃபேஸ்புக்கில் 'குளம்படி' என்று ஒரு குழு. பதினாலாயிரம் பேர். அதில் 'கடிவாளம்' என்ற பெயரில் ஒருவன் டிசம்பரிலிருந்து பிரேம்குமாரைப் பற்றி மட்டுமே எழுதுகிறான். பிரேம்குமார் வேண்டுமென்றே குதிரையை இழுத்துப் பிடித்துத் தோற்கிறான், அவனுக்குக் கை நடுங்குகிறது, அவன் ஏறினால் குதிரையும் சாகும் அவனும் சாவான். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசைகட்டி நின்று தங்கள் பங்குக்குத் துப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நேத்து கமெண்ட்ல எவனோ ஒருத்தன் எங்க வீட்டு அட்ரஸைப் போட்டுட்டான். இன்னிக்கு விடியக்காலம் ஜன்னல்ல கல்லு வந்து விழுந்துச்சு. என் சம்சாரம் ஷாலினி ஆறு மாசங்க. கண்ணாடி அவ பாய் மேல சிதறிக் கெடந்துச்சு." அவன் குரல் மட்டும் நடுங்கியது, கை நடுங்கவில்லை. "அந்தக் கடிவாளம் யாருன்னு நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. முடியலன்னா நான் இறங்கிடறேன். இந்த ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இல்ல. மொத்தமா."

செல்போன் மறுபடி அதிர்ந்தது. பிரபாவதி எட்டிப் பார்த்தாள். கடிவாளத்தின் புதிய பதிவு. நேரம் பதினொன்று பத்து.

'இன்று நாலு மணி. இறங்கிவிடு. நீ இறங்கினால் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "நாலு மணி கணக்கு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, டிரெய்னருக்கு. அப்புறம் தேவநாதனுக்கு. கெடார் ஊர்க்காரன், அவனும் ஜாக்கி. நான் இறங்கினா குதிரை அவனுக்குத்தான்."

"அடடா, வில்லன் தானா வந்து க்யூல நிக்கறானே" என்றான் தென்னரசு.

பிரபாவதி பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "தென்னரசு, இந்த ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதறான்?"

"சோறு தண்ணி இல்லாம எழுதறான் மேடம். எட்டு, ஒம்போது."

"ஆனா நான் பார்த்த வரைக்கும் பந்தயம் நடக்கற நாள்ல மத்தியானம் பன்னெண்டுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் வாயே திறக்கல. ஊரே கத்தற நேரம் அது. திட்டறதுக்குன்னே பிறந்தவன் அப்ப மட்டும் எங்க போறான்?"

பிரேம்குமார் மெல்ல நிமிர்ந்தான். "பந்தய நாள்ல பன்னெண்டு மணிக்கே எங்க போனை எல்லாம் வாங்கிப் பூட்டி வச்சுடுவாங்க. ஓட்டறவங்க வெளிய யாருக்கும் துப்பு குடுக்கக் கூடாதுன்னு. கடைசி ரேஸ் முடிஞ்சுதான் கைக்கு வரும்."

தென்னரசு தொடையில் தட்டினான்.

"அப்ப ஜாக்கிதான்" என்றான் தென்னரசு.

"போன் கைக்கு வந்ததும் நீ முதல்ல யாருக்குப் பேசுவே?" என்று பிரபாவதி சம்பந்தமில்லாமல் கேட்டாள்.

"வீட்டுக்குத்தான். ஷாலுகிட்ட ரெண்டு வார்த்தை. அவ போனு சரியில்ல, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரியே கேக்கும். ஆனாலும் பேசிடுவேன்."

பிரபாவதி எழுந்து கைப்பையை மாட்டினாள். "நீ வீட்டுக்குப் போய் அவ பக்கத்துல உக்காரு. நாலு மணிக்கு முன்னாடி அங்க வர்றோம்."

*

தேவநாதன் ஒளியவில்லை. போன் செய்ததும், "சென்னைக்குப் போய்க்கினு இருக்கேன், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஓட்டல்ல நிக்கறேன், வாங்க" என்றான்.

லாரிகள் வரிசையாக நின்ற அந்த ஓட்டலில், சால்னா வாசனைக்கு நடுவே, பாலில்லாத காப்பியை மருந்துபோல உறிஞ்சிக்கொண்டிருந்தான் அவன். பக்கத்து மேஜையில் ஒரு லாரி டிரைவர் பரோட்டாவைப் பிய்த்துப் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தான்.

"நீங்க சாப்பிடலியா?" என்று தென்னரசு கேட்டான்.

"சாப்பிட்டுக்கினுதான் இருக்கேன். நாங்கல்லாம் கண்ணால சாப்பிடற ஜாதி சார். ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ ஏறிடுச்சுன்னா குதிரை இல்ல."

தென்னரசு, தான் சொல்லியிருந்த இரண்டு பரோட்டாவை வெட்கத்தோடு தன் பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

பிரபாவதி நேராகவே கேட்டாள். "கடிவாளம் நீதானா?"

தேவநாதன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் செல்போனை எடுத்துத் திறந்து காட்டினான். அவனுக்கு வந்த வசவுகள். அவன் அம்மா போன வருடம் இறந்தபோது, 'கிழவியையும் இழுத்துப் பிடித்தாயா' என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே நாற்பது சிரிப்புப் பொம்மைகள்.

"தோத்தா இழுத்தான்னுவானுங்க. ஜெயிச்சா ஊசி போட்டான்னுவானுங்க. இவனுங்க பேஜாரு தாங்காம ரெண்டு பேரு தொழிலையே வுட்டுட்டுப் போயிட்டானுங்க. பிரேம் இறங்கினா குதிரை எனக்கு வரும், நெசந்தான். ஆனா நாளைக்கே அந்தக் கடிவாளம் என் பேரை எழுதும். அந்தக் குதிரை எனக்கு எதுக்கு மேடம்?"

"கடிவாளம் பந்தய நேரத்துல எழுதறதே இல்ல. அதனால அவன் ஜாக்கின்னு நினைச்சோம்."

"யாரு சொன்னா?" தேவநாதன் நெற்றியைச் சுருக்கினான். "பொங்கலுக்கு மிந்தின ஞாயிறு நான் அஞ்சு ரேஸ் ஓட்டினேன். சாயந்திரம் போனைத் தொறந்தா, மத்தியானம் பூரா கடிவாளம் எழுதியிருந்தான். நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அன்னிக்கு பிரேமே வரல, காய்ச்சல். ஆளே ஓட்டாத நாள்ல எதுக்குடா திட்டறான்னு நாங்க பேசிக்கினோம்."

பிரபாவதி தென்னரசுவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் 'பரோட்டா போதும்' என்பது.

*

ஆம்னி வேன் திண்டிவனத்தை நோக்கி ஓடியது. இம்முறை ஓட்டியது பிரபாவதி. தென்னரசு ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், பிரேம்குமாரிடம் போனில் கேட்ட தேதிகளையும் கடிவாளத்தின் பதிவு நேரங்களையும் எழுதிக்கொண்டே வந்தான். சாலையோரத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள் கடலைக் காய்களோடு குவியல் குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலில் அந்தக் குவியல்கள் தூங்கும் மிருகங்களாகத் தெரிந்தன. அவன் அவற்றை ஒரு கணம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பவும் எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் மாறியது.

"அக்கா."

"அக்காவா? அவ்வளவு மோசமா?"

"டிசம்பர்ல இருந்து மொத்தம் ஒம்போது பந்தய நாளு. பிரேம்குமார் ஏழு நாள் ஓட்டியிருக்கான். அந்த ஏழு நாளும் கடிவாளம் கப்சிப். அவன் ஓட்டாத ரெண்டு நாளும் மத்தியானம் பூரா எழுதியிருக்கான். பிரேம்குமார் போன் பூட்டியிருந்தா கடிவாளத்துக்கும் வாய் பூட்டு." அவன் பேனாவை மூடினான். "அவனேதான் அவனைத் திட்டிக்கறான் அக்கா. பைத்தியம் மாதிரி."

"நல்லா யோசிச்சே. ஆனா பதினொன்னு பத்துக்கு ஒரு பதிவு வந்துச்சே, அப்ப அவன் போன் எங்க இருந்துச்சு?"

"உங்க மேஜை மே..." தென்னரசு பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தான். "சரி. நான் டீ வாங்கத்தான் லாயக்கு."

"இன்னொன்னு. அந்தப் பதிவைப் படிச்சுக் காட்டு."

"'இறங்கிவிடு. நீ இறங்கினால் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.'"

"இது திட்டற குரலா? எக்ஸ்சேஞ்ச்ல இந்தக் குரலை நான் நிறைய கேட்டிருக்கேன். வெளியூர்ல இருக்கற புருஷன்கிட்ட, புள்ளைகிட்ட பேசறவங்க குரல். இது கெஞ்சல்."

பிரபாவதி வேகத்தைக் கூட்டினாள். திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது வேனின் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

*

உடைந்த ஜன்னலில் ஒரு பழைய காலண்டர் அட்டையை ஒட்டியிருந்தார்கள். வாசலில் எவனோ சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தான். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. பிரேம்குமார் கதவைத் திறந்தான்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தண்ணி குடு முதல்ல" என்று சொல்லிவிட்டு பிரபாவதி நேராக சமையலறைக்குள் போனாள். தென்னரசு வாசற்படியிலேயே நின்றான்.

ஷாலினி அடுப்பருகே நின்று கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, முன்னால் தள்ளிய வயிறு, தூக்கமில்லாத கண்கள். சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகர டின்.

"இவ்வளவு பெரிய டின்ல என்னம்மா?"

"கேப்பை மாவுங்க. அவருக்கு எடை ஏறக் கூடாது. வேற எதுவும் சாப்பிட மாட்டாரு."

"ஒரு கால் பண்ணணும். என் போன்ல சார்ஜ் இல்ல. உன்னுதைக் கொஞ்சம் குடேன்."

ஷாலினி கொடுத்தாள். பிரபாவதி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். காதில் வைக்கும் இடத்தின் பொடித் துளைகளில், சார்ஜர் சொருகும் வாயில், பொத்தான்களின் இடுக்கில் எல்லாம் செம்மண் நிறத்தில் மாவு அப்பியிருந்தது.

"தண்ணியில விழுந்துடுச்சா?"

"ஆ... ஆமாங்க."

"தண்ணியில விழுந்த போனை அரிசிக்குள்ள போடுவாங்க. ஈரத்தை இழுக்கும். மாவுக்குள்ள யாரும் போட மாட்டாங்கம்மா. மாவு சத்தத்தைத்தான் அமுக்கும்." பிரபாவதி குரலைத் தாழ்த்தினாள். "அவரு குதிரை ஏறற நாள்ல, பன்னெண்டு மணிக்கு இதை டின்னுக்குள்ள புதைச்சுடுவே. கடைசி ரேஸ் முடிஞ்சு அவர் கூப்பிடற நேரத்துக்குத்தான் வெளிய எடுப்பே. அந்த ஆறு மணி நேரம் உன்னால போனைத் தொட முடியாது. அதனால கடிவாளத்தாலயும் எழுத முடியாது. நாலு மணி கணக்கும் உனக்குத் தெரியும், தெரிஞ்சவங்க கணக்குல உன்னை அவரு சேக்கவே இல்ல."

கரண்டி கூழுக்குள் நின்றுவிட்டது. அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிரபாவதிதான் அடுப்பை அணைத்தாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் ஷாலினி. உதடு மட்டும்தான் அசைந்தது.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"அக்டோபர்ல அவரு குதிரையில இருந்து விழுந்தாரு. தோள்பட்டை எலும்புதான் முறிஞ்சுது. ஆனா எனக்கு அது தெரியாது. நான் போனைப் பாத்துக்கினு இருந்தேன். குளம்படியில எவனோ 'பிரேம்குமார் காலி, நிம்மதி'ன்னு போட்டிருந்தான். கீழ எல்லாம் சிரிப்புப் பொம்மை. அவர் போன் பூட்டி இருக்கு. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. நாப்பது நிமிஷங்க. நாப்பது நிமிஷம் நான் தாலியைக் கையில புடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். அதுல இருந்து அவரு ஏறற நாள்ல போனைக் கண்டாலே பயம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவரு திரும்ப ஏறப் போறேன்னாரு. நான் சொன்னா நிப்பாரா? அவனுங்க பேச்சுக்குத்தான் அவரு பயப்படுவாரு. அதான் அவனுங்க பாஷையிலயே எழுதினேன். ரெண்டு பதிவு போட்டா ரோஷத்துல வுட்டுடுவாருன்னு நெனைச்சேன். அவனுங்க சேந்துக்குவானுங்கன்னு தெரியாது. அட்ரஸ் போட்டது நான் இல்லீங்க. சத்தியமா நான் இல்ல. நான் எழுதாத நேரத்துலயும் அவனுங்க நிக்கல. அவரு இறங்கினாத்தான் வுடுவானுங்கன்னு எழுதிக்கினே இருந்தேன். கல்லு என் பாய் மேலயே விழுந்துச்சு."

சுவர்க் கடிகாரம் மூன்று இருபத்தைந்து காட்டியது.

"நாலு மணிக்குள்ள நான் ஒரு பேரு சொல்லியாகணும்" என்றாள் பிரபாவதி. "நான் சொன்னா அது துப்பு. நீ சொன்னா அது வேற. எதுன்னு நீயே முடிவு பண்ணு."

*

ஷாலினி கூடத்துக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பிரேம்குமார் கேட்கக் கேட்கச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். தென்னரசுவுக்கு வாசலை விட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிரேம்குமார் தலையைத் தூக்கிக் கேட்டான். "கை நடுங்குதுன்னு எழுதினியே ஷாலு. உனக்கு அப்படியா தோணுச்சு?"

"இல்லங்க. எனக்குத்தான் நடுங்கிச்சு."

"என்கிட்ட ஒரு தபா நேரா, ஏறாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னிருப்பீங்களா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். 

ஷாலினி உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். மாவு படிந்த பொத்தான்களை அழுத்தி அழுத்தி, தன் சொந்தப் பெயரில் குளம்படியில் எழுதினாள். 'கடிவாளம் நான்தான். நான் அவர் மனைவி. எழுதியது எல்லாம் பொய். அவர் ஒருநாளும் குதிரையை இழுத்துப் பிடித்ததில்லை. என்னை மன்னியுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.' அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுது மேடம்" என்று தென்னரசு கிசுகிசுத்தான். "கேஸ் குளோஸ்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போனும் அவன் போனும் சேர்ந்தாற்போல அதிர ஆரம்பித்தன. தென்னரசு உள்ளே வந்து குனிந்து படித்தான். முதல் பதில்: 'புருஷன் மிரட்டி எழுத வைத்திருக்கிறான்.' இரண்டாவது: 'நல்ல செட்டப்.' மூன்றாவது: 'கடிவாளம் அண்ணனை மாட்டிவிடப் பார்க்கிறார்கள், விடக் கூடாது.' அதன்பின் எண்ண முடியவில்லை. பொய்யை மூன்று மாதம் வரிக்கு வரி நம்பியவர்கள், உண்மை வந்ததும் சாட்சி கேட்டார்கள்.

"அக்கா, நம்ப மாட்டேங்கறானுங்க."

பிரபாவதிக்கும் அது அடிதான். கண்டுபிடித்தால் தீரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஷாலினியின் முகத்தில் ரத்தமே இல்லை. தான் திறந்துவிட்ட கதவைத் தன்னால் மூட முடியாது என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

சரியாக நாலு மணிக்கு பிரேம்குமாரின் போனில் மணி அடித்தது. இம்முறை வசவு இல்லை. திரையில் 'டிரெய்னர் சார்' என்றிருந்தது.

மூன்று தடவை அடித்தது, நாலு தடவை அடித்தது. அவன் எடுக்கவில்லை. எழுந்து போய் போனை ஷாலினியிடம் நீட்டினான்.

"அவனுங்க சொல்லி நான் இறங்க மாட்டேன். நீ சொல்லு, இப்பவே இறங்கிடறேன். மனசுல கோவமே இல்லாம."

ஷாலினி போனையே பார்த்தாள். அது அவள் மூன்று மாதமாக எழுதி எழுதிக் கேட்ட வரம். கைநீட்டினால் கிடைக்கும் தூரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. வாங்கினாள்.

"சார், நான் ஷாலினி பேசறேன். பிரேம்குமார் வீட்டுல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏறுவாரு சார். ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். எனக்கு முன்வரிசையில ஒரு எடம் மட்டும் சொல்லி வைங்க. எல்லாத்தையும் நான் என் கண்ணாலயே பாத்துக்கறேன்."

வைத்துவிட்டாள். பிரேம்குமார் அவள் கையைப் பிடித்தான். யாருடைய கை நடுங்கியது என்று தென்னரசுவால் நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

பிரபாவதி எழுந்தாள். "அட்ரஸ் போட்டவன் பேரு குழுவுல அப்படியே இருக்கு. கல்லு எறிஞ்சவன் எவன்னும் கேக்கணும். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். அது இனிமே என் வேலை."

வேனில் ஏறும்முன் தென்னரசு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். திறந்த கதவு வழியாக சமையலறை தெரிந்தது. ஷாலினி டின்னின் மூடியைத் திறந்து, தன் போனை மாவுக்குள் அழுத்தினாள். பிரேம்குமார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் கொடுத்தான். அதையும் பக்கத்திலேயே புதைத்து அவள் மூடியை அழுத்திச் சாத்தினாள். பிறகு அடிப்பிடித்த கூழை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள்.

டின்னுக்குள் இருந்து மெல்லிய உறுமல் வந்துகொண்டே இருந்தது. இருவரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.